பிள்ளைகளைக் கொன்றது யார்? மெக்சிகோவின் யோரோனா கதை: ஓர் எளிய அறிமுகம்

மெக்சிகோவில் வளர்ந்த ஒருவரிடம், சிறுவயதில் எந்தப் பேய்க்கு அதிகம் பயந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ‘லா யோரோனா’ என்பதாகவே இருக்கும். இருட்டிய பிறகு ஆற்றங்கரைக்கோ வாய்க்கால் பக்கமோ போனால் யோரோனா தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று பாட்டிமார் மிரட்டும்போதுதான் பல குழந்தைகள் அவளை முதன்முதலில் அறிகிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ், நியூ மெக்சிகோ, கலிபோர்னியா மாநிலங்களில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினரிடமும், தெற்கே குவாத்தமாலா முதலான மத்திய அமெரிக்க நாடுகளிலும் அவள் வெள்ளை உடையோடும் ஓயாத அழுகையோடும் உலவுகிறாள். அவளைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். ஸ்பானிய மொழியில் ‘யோரார்’ என்றால் அழுதல். அதிலிருந்து பிறந்த ‘யோரோனா’ என்ற சொல் ஓயாமல் அழுகிறவளைக் குறிக்கும். எழுத்தில் இரண்டு ‘எல்’ வருவதால் ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பவர்கள் ‘லோரோனா’ என்று சொல்லிவிடுவதுண்டு என்றாலும், மெக்சிகோ உச்சரிப்பில் அங்கே வருவது யகர ஒலிதான். எதற்கெடுத்தாலும் கண்ணைக் கசக்கும் சிறுமியை நாம் ‘அழுமூஞ்சி’ என்று கேலி செய்வதைப் போல அவர்கள் ‘யோரோனா’ என்பார்கள். சாவு வீட்டில் கூலிக்கு ஒப்பாரி வைக்கும் பெண்ணுக்கும் அந்த மொழியில் இதே பெயர் வழங்கியிருக்கிறது. ஆக, பேயின் பெயரில் அச்சமூட்டும் பொருள் எதுவும் இல்லை. அது ஒரு செயலின் பெயர், அவ்வளவே.

இன்று பரவலாகச் சொல்லப்படும் கதை இப்படிப் போகிறது. மரியா என்ற அழகான ஏழைப் பெண் ஒருத்தி, தன்னைவிட உயர்ந்த குடியில் பிறந்த ஒருவனைக் காதலித்து அவனுக்குப் பிள்ளைகளைப் பெறுகிறாள். சில ஆண்டுகளில் அவன் அவளைக் கைவிட்டுத் தன் தகுதிக்கு ஏற்ற ஒரு பெண்ணை மணக்கத் துணிகிறான். அவமானமும் ஆத்திரமும் கண்ணை மறைக்க, அவள் தன் பிள்ளைகளை ஆற்றில் அமுக்கிக் கொன்றுவிடுகிறாள். செய்தது உறைத்ததும் கரை நெடுகக் கதறிக்கொண்டு ஓடுகிறாள், அங்கேயே இறந்தும் போகிறாள். விண்ணுலக வாசலில் “உன் பிள்ளைகள் எங்கே?” என்று கேட்கப்பட, விடை சொல்ல முடியாமல் பூமிக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள். அன்று முதல் “ஆய், மிஸ் இஹோஸ்!”, அதாவது “ஐயோ, என் பிள்ளைகளே!” என்று கதறியபடி இரவெல்லாம் நீர்நிலைகளின் ஓரத்தில் தேடி அலைகிறாள், தன் பிள்ளைகள் கிடைக்காதபோது எதிர்ப்படும் பிள்ளைகளைப் பிடித்துச் செல்கிறாள். அவளுடைய குரல் பக்கத்தில் கேட்டால் அவள் தொலைவில் இருக்கிறாள் என்றும், தொலைவில் கேட்டால் அருகிலேயே நிற்கிறாள் என்றும் பல ஊர்களில் சொல்வார்கள். பேய்க்கதை சொல்லத் தெரிந்த எவரோ கண்டுபிடித்த நுட்பம் அது. அழுகை மெல்லத் தேயும்போது நிம்மதி அடைவதற்கு மாறாகக் கேட்பவருக்கு முதுகு சில்லிடுகிறது.

இந்த வகைக் கதையை நாட்டாரியலில் பழமரபுக் கதை என்கிறார்கள். தெய்வங்களும் படைப்பும் பற்றிய தொன்மத்திலிருந்தும், ‘ஒரே ஒரு ஊரிலே’ என்று தொடங்கும் நாட்டுப்புறக் கதையிலிருந்தும் இது ஒரு முக்கியமான விதத்தில் வேறுபடுகிறது. பழமரபுக் கதை எப்போதும் தெரிந்த இடத்தில், தெரிந்த ஒருவருக்கு நடந்ததாகவே சொல்லப்படும்: நம் தெருக்கோடி வாய்க்காலில், என் மாமாவின் நண்பருக்கு, போன மழைக்காலத்தில். கேட்பவர் அதை நம்பலாம், சந்தேகிக்கலாம், சிரித்து ஒதுக்கலாம். ஆனால் அது உண்மையா என்ற வழக்கு கதையோடு ஒட்டிக்கொண்டே வரும். இத்தகைய கதைக்கு மூலப் பிரதி என்று ஒன்று கிடையாது. சொல்பவர் மாறும்போது ஊர் மாறும், பெயர் மாறும், பிள்ளைகளின் எண்ணிக்கை மாறும், முடிவும் மாறும்.

யோரோனா கதையில் மாறாதது அழுகை மட்டுமே, அதன் காரணமோ மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே புதிதாகப் படிப்பவர் ஒவ்வொரு வடிவத்தையும் சந்திக்கும்போது கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: இந்த வடிவத்தில் பிள்ளைகளைக் கொன்றது யார்? எனக்குத் தெரிந்தவரை இந்த ஒரு கேள்வி, பேயின் தோற்றத்தைப் பற்றிய எல்லா வருணனைகளையும்விட அதிகமாகச் சொல்லிவிடுகிறது.

ஏரி நகரத்தில் கேட்ட குரல்

இன்றைய மெக்சிகோ நகரம் இருக்கும் இடத்தில், 500 ஆண்டுகளுக்கு முன், தெஸ்கோகோ ஏரியின் நடுவே தெனோச்தித்லான் என்ற தீவு நகரம் இருந்தது. தெருக்களுக்கு இணையாக வாய்க்கால்கள் ஓட, மக்கள் தோணிகளில் சந்தைக்குப் போய்வந்த அந்த நகரம், நவாட்ல் மொழி பேசிய மெஷிகா மக்களின் தலைநகரம். அவர்களைத்தான் உலகம் அஸ்டெக் என்று அழைக்கிறது. 1519-இல் எர்னான் கோர்ட்டேஸ் தலைமையில் வந்த ஸ்பானியர்களிடமும், அவர்களோடு கூட்டுச் சேர்ந்த உள்ளூர்ப் பகைவர்களிடமும் அந்த நகரம் 1521 ஆகஸ்ட் 13 அன்று வீழ்ந்தது.

வீழ்ச்சிக்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, 1529-இல், பெர்னார்தினோ தே சஹாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி அங்கு வந்து சேர்ந்தார். நவாட்ல் மொழியைக் கற்று, முதியவர்களிடம் கேட்டு, தலத்தேலோல்கோ கல்லூரியில் படித்த அந்தோனியோ வலேரியானோ போன்ற நவா அறிஞர்களின் துணையோடு, அந்த மக்களின் தெய்வங்கள், சடங்குகள், மருந்துகள், போர் நினைவுகள் ஆகியவற்றை அவர் 12 நூல்களாகத் தொகுத்தார். ஏறத்தாழ 1577-இல் நிறைவெய்திய அந்தக் கையெழுத்துப் படி இப்போது இத்தாலியின் பிளாரன்ஸ் நகர நூலகத்தில் இருப்பதால், அதற்குப் பிளாரன்ஸ் சுவடி என்று பெயர். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பத்தியில் நவாட்லும் அடுத்த பத்தியில் ஸ்பானியமும் ஓட, இடையிடையே ஓவியங்களும் வரும் அருமையான சுவடி அது.

அதன் 12-ஆம் நூல், ஸ்பானியர் வருவதற்கு முன்பு தோன்றியதாக எட்டுத் தீநிமித்தங்களைப் பட்டியலிடுகிறது. வானில் தீப்பிழம்பு தெரிந்தது. கோயில் தானாகப் பற்றி எரிந்தது. காற்றே இல்லாமல் ஏரி கொதித்தெழுந்தது. தலையில் கண்ணாடி பதித்த பறவை ஒன்று பிடிபட்டது. இவற்றுள் ஆறாவதாகச் சொல்லப்படுவது ஒரு பெண்ணின் குரல். இரவில் அவள் அழுதுகொண்டே போனாள் என்றும், “என் அருமைப் பிள்ளைகளே, நாம் போக வேண்டிய வேளை வந்துவிட்டது” என்றாள் என்றும், சில வேளைகளில் “உங்களை நான் எங்கே கொண்டுபோவேன்?” என்று கேட்டாள் என்றும் சுவடி சொல்கிறது. நவாட்லில் அவள் பிள்ளைகளை விளிக்கும் சொல் அன்பும் மரியாதையும் கலந்த விகுதியோடு வருகிறது. தமிழில் ‘என் செல்வங்களே’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே நம் கேள்வியைக் கேட்டுப்பார்க்க வேண்டும். இந்த வடிவத்தில் அந்தப் பெண் யாரையும் கொல்லவில்லை. பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வரப்போவது என்னவென்று அவர்களுடைய தாய்க்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, ஆனால் தப்பிக்க இடமில்லை. கேட்டவர்கள் அவளைக் கண்டு அஞ்சவில்லை என்று சொல்ல முடியாது. எனினும், அவளுடைய வாயிலிருந்து வருவது குற்றவாளியின் புலம்பல் இல்லை என்பது தெளிவு.

அவள் யார் என்பதற்கும் சுவடியிலேயே குறிப்பு இருக்கிறது. முதல் நூல், சிவாகோவாட்ல் என்ற பெண்தெய்வத்தைப் பற்றிப் பேசும்போது, அவள் வெள்ளை உடுத்தி வருவாள் என்றும், இரவில் அழுது முழங்குவாள் என்றும், அவ்வழுகை போரின் அறிகுறி என்றும் சொல்கிறது. பெயரின் பொருள் ‘பெண் பாம்பு’. முதுகில் தொட்டில் சுமந்து சந்தைக்கு வரும் அவள், அதைப் பிற பெண்களின் நடுவே வைத்துவிட்டு மறைந்துவிடுவாளாம். யாரோ குழந்தையை மறந்துவிட்டுப் போய்விட்டார்களே என்று பதறிப் பார்ப்பவர்களுக்குத் தொட்டிலுக்குள் கிடப்பது, கல்லால் செய்த பலிக் கத்தி. அதே சிவாகோவாட்ல்தான் மருத்துவச்சிகள் பிரசவத்தின்போது வேண்டிக்கொண்ட தெய்வமும், மனித குலத்தைப் படைப்பதற்கான எலும்புகளை அரைத்துக் கொடுத்ததாகத் தொன்மம் கூறும் தெய்வமும் ஆவாள். பிரசவத்தில் இறந்த பெண்களை மெஷிகா மக்கள் போர்க்களத்தில் மடிந்த வீரர்களுக்கு இணையாக மதித்தார்கள். குறிப்பிட்ட நாள்களில் அவர்கள் நாற்சந்திகளில் இறங்கி வந்து குழந்தைகளுக்கு நோய் உண்டாக்குவார்கள் என்று அஞ்சவும் செய்தார்கள். தாய்மையும் சாவும் வெள்ளை உடையும் இரவு அழுகையும் ஸ்பானியர் கால்வைப்பதற்கு முன்பே அங்கு ஒன்றாகக் கட்டுண்டு கிடந்தன.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எட்டு நிமித்தங்களும் வீழ்ச்சிக்குப் பிறகு, பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. எழுதியவர்கள் கல்லூரியில் லத்தீன் படித்தவர்கள். பேரரசுகள் சரியும் முன் வானில் அறிகுறி தோன்றுவதாகச் சொல்லும் ஐரோப்பியப் பழம் நூல்கள் அவர்களுக்குப் பழக்கமானவை. ஆகவே, நடந்து முடிந்த பேரழிவுக்குப் பின்னோக்கிப் பொருள் தேடியபோது உருவானவையே இந்த நிமித்தங்கள் என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த வாதம் எனக்கும் ஏற்புடையதே. ஆனால் அது அழுகையின் எடையைக் குறைப்பதில்லை. 1520-இல் பெரியம்மை, 1545-இலும் 1576-இலும் மீண்டும் பெருங்கொள்ளைநோய் என்று அந்த மண்ணில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். 1545-இல் தலத்தேலோல்கோவில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட உடல்களைத் தாம் அடக்கம் செய்ததாகவும், முடிவில் தமக்கும் நோய் கண்டதாகவும் சஹாகுனே எழுதியிருக்கிறார். “பிள்ளைகளே, உங்களை எங்கே கொண்டுபோவேன்” என்ற வரியைச் சொன்னவர்களும் எழுதியவர்களும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறைகளைச் சேர்ந்தவர்கள்.

தாயின் கையில் கத்தி வந்தது எப்படி

பிள்ளைகளைத் தானே கொன்ற தாய் என்ற பகுதி சுவடியில் இல்லை என்றால், அது எங்கிருந்து வந்தது? கணவன் துரோகம் செய்ததற்காகப் பிள்ளைகளைக் கொல்லும் மெடேயாவை கிரேக்க நாடகம் கி.மு. 431-லேயே மேடையேற்றிவிட்டது. ஜெர்மனியில் ‘வெள்ளை உடைப் பெண்’ என்ற பேய்க்கதை மரபு உண்டு. அதில் ஓர்லாமுண்டே சீமாட்டி குனிகுண்டே இரண்டு பிள்ளைகளோடு கைம்பெண்ணாக நிற்கிறாள்; அவள் விரும்பிய ஆல்பிரெக்ட் பிரபு, “நான்கு கண்கள் தடையாக இருக்கின்றன” என்று சொல்லி அனுப்புகிறான். அவன் குறிப்பிட்டது தன் பெற்றோரை. அவளோ தன் பிள்ளைகளின் கண்கள் என்று எண்ணி இருவரையும் கொன்றுவிட்டு, பின்பு பேயாக அலைகிறாள். பாசில் கர்ட்லி என்ற நாட்டாரியல் ஆய்வாளர் 1960-இல், யோரோனா கதையின் எலும்புக்கூடு இத்தகைய ஐரோப்பியக் கதைகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். ஐரோப்பாவா, மெஷிகாவா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. இரவில் நீரோரம் அழும் தாய் உள்ளூர்க்காரி. அவளுடைய குற்றம் கப்பலில் வந்திருக்கக்கூடும்.

ஆனால் கப்பலில் வந்த விதை ஊன்றுவதற்கு நிலம் வேண்டுமே. ஸ்பானிய ஆட்சிக் கால மெக்சிகோவில் அது தாராளமாக இருந்தது. பிறப்பையும் நிறத்தையும் வைத்து மனிதர்களைத் தரம்பிரித்த அந்தச் சமூகத்தில், ஸ்பானிய ஆண்கள் உள்ளூர்ப் பெண்களோடும் கலப்பினப் பெண்களோடும் வாழ்ந்து பிள்ளை பெற்றுக்கொண்டு, முறையான திருமணத்துக்கு மட்டும் தங்கள் இனத்துப் பெண்ணைத் தேடுவது ஊரறிந்த வழக்கம். இன்றைய கதையின் மரியா அந்த நிலத்தில் முளைத்தவள். அவளைக் கைவிட்டவனுக்குக் கதையில் பெரும்பாலும் பெயர்கூடக் கிடையாது என்பதையும், அவன் எந்த ஆற்றங்கரையிலும் அலைய வேண்டியிருப்பதில்லை என்பதையும் கவனித்துப் பார்த்தால், பழி யார் தலையில் இறக்கி வைக்கப்படுகிறது என்பது விளங்கும்.

மாலின்சின் என்ற பெண்ணுக்கு நேர்ந்ததையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1519-இல் ஸ்பானியர்களிடம் பரிசாக ஒப்படைக்கப்பட்ட 20 அடிமைப் பெண்களுள் ஒருத்தியாக இருந்த அவள், நவாட்லும் மாயா மொழியும் அறிந்தவள் என்பதால் கோர்ட்டேஸுக்கு மொழிபெயர்ப்பாளராகி, பிறகு அவருக்கு மார்த்தின் என்ற மகனைப் பெற்றாள். கோர்ட்டேஸ் 1528-இல் அந்தச் சிறுவனைத் தன்னோடு ஸ்பெயினுக்குக் கொண்டுபோய்விட்டார். வேறொரு ஸ்பானியருக்கு மணம் முடித்துவைக்கப்பட்டிருந்த மாலின்சின் அதையடுத்த சில காலத்துக்குள் இறந்துபோனாள். அவள் எந்தப் பிள்ளையையும் கொல்லவில்லை என்பது வரலாறு. ஆயினும் பிற்காலத்தில் ‘மாலின்சே’ என்ற பெயர் துரோகி என்ற வசவுச் சொல்லாகி, அவளையே யோரோனா என்று சொல்லும் வடிவங்கள் பெருகின. மகனைப் பறிகொடுத்தவளின் அழுகை, ஒரு முழு இனத்தையும் காட்டிக்கொடுத்தவளின் அழுகையாக மாற்றி எழுதப்பட்டது. இந்தக் கதையின் நீண்ட பயணத்தில் மிகவும் அநியாயமான திருப்பம் இதுதான் என்பேன்.

அச்சில் ஏறிய பேய்

19-ஆம் நூற்றாண்டில் யோரோனா புத்தகங்களுக்குள் வருகிறாள். மருத்துவரும் கவிஞருமான மனுவேல் கார்பியோ (1791–1860) அவளைப் பற்றி ஒரு சிறு கவிதை எழுதினார். அதில் அழுது அலையும் ஆவியின் பெயர் ரோசாலியா. அவள் பிள்ளைகளைக் கொன்றவள் இல்லை. கொடிய கணவனால் கொல்லப்பட்டவள். பிள்ளைக்கொலை இல்லாத யோரோனாவும் மக்களிடையே இருந்திருக்கிறாள் என்பதற்கு அந்தக் கவிதை சான்று. மேற்கண்ட கேள்வியோடு படிக்காவிட்டால் இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விடுவோம்.

பிறகு 1885-இல் விசென்தே ரீவா பலாசியோவும் ஹுவான் தே தியோஸ் பேசாவும் சேர்ந்து வெளியிட்ட செய்யுள் தொகுப்பு கதையை வீடுகளுக்குள் கொண்டுசென்றது. மெக்சிகோ நகரத் தெருக்களின் வரலாற்றை எழுதிய லூயிஸ் கோன்சாலேஸ் ஒப்ரேகோனின் 1922-ஆம் ஆண்டு நூல்தான் இன்று பலரும் மனத்தில் வைத்திருக்கும் காட்சியை நிலைநிறுத்தியது எனலாம்: ஊரடங்கு மணி அடித்த பின், நிலவொளியில், முகத்திரையிட்ட வெள்ளை உடைப் பெண் ஒருத்தி தெருத்தெருவாக நடந்து, பெரிய சதுக்கத்தில் கிழக்கு நோக்கி மண்டியிட்டு நீளமாக ஒருமுறை ஓலமிட்டு, பின் ஏரிக்கரையை அடைந்து மறைகிறாள். சஹாகுன் குறித்துவைத்த நிமித்தத்தோடு அவளை இணைத்துப் பேசியவரும் அவரே. அவர் எழுதிய காலத்தில் அந்த ஏரி ஏறக்குறைய வற்றடிக்கப்பட்டு, வாய்க்கால்கள் தூர்ந்து தெருக்களாகிவிட்டிருந்தன. பேய் போய் மறைவதற்கு நகரத்துக்குள் தண்ணீரே மிச்சமில்லாத காலத்தில் அவளுடைய கதை அச்சில் நிலைபெற்றது ஒரு விசித்திரம். நகரின் தெற்கே சோச்சிமில்கோவில் மட்டும் பழைய வாய்க்கால்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இறந்தோர் திருநாளை ஒட்டிய இரவுகளில், பார்வையாளர்கள் வண்ணம் தீட்டிய தட்டைப் படகுகளில் அமர்ந்திருக்க, நீரின் மேலேயே யோரோனா நாடகம் நடத்தும் வழக்கம் 1990-கள் முதல் அங்கே இருந்துவருகிறது.

பாடலைப் பற்றி ஒரு வார்த்தை. ‘லா யோரோனா’ என்ற பெயரில் வாஹாக்கா மாநிலத்தின் தெவாந்தெபெக் பகுதியிலிருந்து வந்த புகழ்பெற்ற நாட்டுப்பாடல் ஒன்று உண்டு. சாவேலா வார்காஸ் பாடியதாலும், 2017-இல் வந்த ‘கோகோ’ அனிமேஷன் படத்தில் இடம்பெற்றதாலும் உலகெங்கும் பலர் அதைக் கேட்டிருப்பார்கள். பேய்க்கதையைத் தேடி அதற்குள் போகிறவர்கள் ஏமாறுவார்கள். அதில் ‘யோரோனா’ என்பது பெரும்பாலும் காதலன் தன் காதலியை விளிக்கும் சொல். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எல்லை கடந்த பின்

மெக்சிகோவிலிருந்து வடக்கே போனவர்கள் யோரோனாவையும் கூட்டிக்கொண்டே போனார்கள். புதிய ஊரில் எந்த ஓடை இருந்ததோ அதில் அவள் குடியேறினாள். நியூ மெக்சிகோ போன்ற வறண்ட பகுதிகளில் காய்ந்து கிடக்கும் ஓடையில் மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாகப் பாய்ந்து விளையாடும் பிள்ளைகளை அடித்துச் சென்றுவிடும் என்பதால், அங்கே அவள் செய்த காவல் வேலை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக்கூடியது இல்லை.

நாட்டாரியலாளர் பெஸ் லோமாக்ஸ் ஹாஸ் 1968-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு வகையில் கவனத்துக்குரியது. லாஸ் ஏஞ்சலிஸில் சிறார் காவல் இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பதின்வயதுப் பெண்கள் இரவுகளில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட யோரோனா கதைகளை அவர் திரட்டினார். அவற்றில் ஆறு பின்னுக்குப் போய்விட்டது. சிதைந்த முகமும் வெட்டுண்ட உடலுமாக யோரோனா அந்தக் கட்டடத்தின் நடைவழிகளிலேயே உலவினாள். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட, அல்லது தாயாலேயே கைவிடப்பட்ட பெண்பிள்ளைகள், பிள்ளைகளைத் தேடும் ஒரு தாயைப் பற்றிய கதையை அங்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆற்றங்கரைக்குப் போகாதே என்று யாரும் யாரையும் எச்சரிக்க வேண்டிய தேவை அந்த இடத்தில் இல்லை. கதை முற்றிலும் வேறு வேலைக்குப் பயன்பட்டது.

அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் தங்களைச் ‘சிகானா’ என்று அழைத்துக்கொண்டு எழுதத் தொடங்கியபோது, பாட்டி சொன்ன கதையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்கள். குளோரியா அன்சால்துவா தம் 1987-ஆம் ஆண்டு நூலில், தம் மக்களுக்குக் குவாதலூப்பே மாதா, மாலின்சே, யோரோனா என மூன்று தாய்மார் உண்டு என்றார். பின்னர் சிறுவர்களுக்காக அவர் எழுதிய கதை ஒன்றில், தாயின் நோய்க்கு மூலிகை தேடிக் காட்டில் வழிதவறும் சிறுமிக்கு யோரோனாதான் வழி காட்டுகிறாள். சாண்ட்ரா சிஸ்நேரோஸ் 1991-இல் வெளியிட்ட சிறுகதை இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது. கிளியோஃபிலாஸ் என்ற இளம்பெண் மெக்சிகோவிலிருந்து மணமாகி டெக்சாஸுக்கு வருகிறாள்; கணவன் அடிக்கிறான். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைக்குக் ‘கத்தும் பெண் ஓடை’ என்று பெயர், அந்தப் பெயரில் ஓர் ஓடை உண்மையாகவே அங்கு இருக்கிறது. கையில் குழந்தையோடு கரையில் உட்கார்ந்திருக்கும் அவளுக்கு யோரோனாவின் நினைவு வருகிறது. ஒரு பெண் எந்த நிலையில் அப்படி ஆகியிருப்பாள் என்று வாசகருக்கும் புரியத் தொடங்குகிறது. கடைசியில் முன்பின் அறியாத இன்னொரு பெண் அவளைத் தன் வண்டியில் ஏற்றித் தப்பிக்க வைக்கும்போது, ஓடையைக் கடக்கும் இடத்தில் அந்தப் பெண் உற்சாகமாக ஊளையிடுகிறாள். கிளியோஃபிலாஸின் தொண்டையிலிருந்து சிரிப்பு வருகிறது. அழுகை என்று மட்டுமே அறியப்பட்ட ஒரு குரல் வேறெதுவாகவும் இருக்கலாம் என்று காட்ட, சிஸ்நேரோஸுக்கு ஒரு பாலமும் ஒரு கத்தலும் போதுமாக இருந்தன.

விளம்பரக்காரர்களும் அவளை விட்டுவைக்கவில்லை. கலிபோர்னியாவில் 2002-இல் வந்த ஒரு பால் விளம்பரத்தில் யோரோனா அழுதபடி வீட்டுக்குள் நுழைந்து குளிர்பதனப் பெட்டியைத் திறக்கிறாள், பால் காலி என்று கண்டு மறுபடி அழுகிறாள். பேய்க்கும் இறங்குமுகம் உண்டு போலும்.

திரையில்

1933-இல் ரமோன் பெயோன் இயக்கிய ‘லா யோரோனா’ மெக்சிகோவின் முதல் பேசும் திகில் படமாகக் கருதப்படுகிறது. அதன் பிறகு வந்த படங்கள் பல. பெரும்பாலானவற்றில் அவள் திடுக்கிட வைக்கும் உருவம் மட்டுமே. 2019-இல் ஹாலிவுட்டில் வெளியான படம், 1970-களின் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை அவள் துரத்துவதாகக் கதை சொன்னது. அங்கே அவள் ஏன் அழுகிறாள் என்பது தொடக்கத்தில் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும் தகவல்.

அதே 2019-இல் குவாத்தமாலாவின் ஹைரோ புஸ்தமாந்தே ‘லா யோரோனா’ என்ற பெயரிலேயே இன்னொரு படம் எடுத்தார். அதைப் புரிந்துகொள்ளச் சிறிது பின்னணி வேண்டும். 1982–83-இல் குவாத்தமாலாவை ஆண்ட இராணுவத் தலைவர் எஃப்ராயின் ரியோஸ் மோந்த், மாயா இனத்தின் இஷில் மக்கள் 1,771 பேர் கொல்லப்பட்டது தொடர்பான வழக்கில், 2013 மே 10 அன்று இனப்படுகொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு 80 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பத்தே நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. மறுவிசாரணை முடியும் முன்பே, 2018-இல் அவர் இறந்தார்.

படத்தில் வருபவர் கற்பனைத் தளபதியான என்ரிகே மோந்தேவெர்தே. தண்டனை நீக்கப்பட்டு அவர் வீடு திரும்பியிருக்கிறார். வெளியே காணாமல்போனவர்களின் படங்களை ஏந்திய கூட்டம் இரவும் பகலும் முழங்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளை உடுத்திய அல்மா என்ற இளம் மாயா பெண் புதிதாக வேலைக்குச் சேர்கிறாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை அவள் கண்முன்னே தண்ணீரில் அமுக்கிக் கொன்றவர்கள் சிப்பாய்கள். நெடுங்காலமாகத் தாயின் தலைமேல் சுமத்தப்பட்டுவந்த குற்றம் இந்த வடிவத்தில் கொன்றவர்களிடம் திரும்பிப் போகிறது. சஹாகுனின் முதியவர்கள் கேட்ட குரலுக்கு, ஹாலிவுட் படத்தைவிட இது எவ்வளவோ நெருக்கமானது.

படத்தின் முன்பகுதியில் ஓர் இரவு. தளபதி எங்கிருந்தோ அழுகைச் சத்தம் கேட்டு எழுந்து, கையில் துப்பாக்கியோடு இருண்ட வீட்டுக்குள் தேடுகிறார், தன் மனைவியையே சுட்டுவிடப் பார்க்கிறார். வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்கிறார்கள் குடும்பத்தார். மறுநாள், அந்த வீட்டில் நெடுங்காலம் வேலை பார்த்த மாயா பணியாளர்கள், ஒரே ஒரு பெண்ணைத் தவிர, மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறிவிடுகிறார்கள். அது யாருடைய அழுகை என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.